நோயால் ஓட்டத்தை விடும் சைக்கிள் வீரர்கள்: எங்கள் குழுவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிறு விடியற்காலை 5.15க்கு வெள்ளவத்தையிலிருந்து புறப்படும் சிறிய சைக்கிள் குழு எங்களுடையது. மரைன் டிரைவ் வழியாகக் காலி முகத்திடல், அங்கிருந்து சுதந்திர சதுக்கம், அப்புறம் ஒரு பிளேன்டீ. ஐரோப்பாவில் பெயர் பெற்ற ஒரு வீரர் உடம்பு சரியில்லை என்று ஓட்டத்தை விட்டால், அந்த வாரம் பிளேன்டீ ஆறும்வரை அதே பேச்சுத்தான். ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால், கேட்டவர்கள் கேட்டபடியே எழுதிப் பதிலும் போட்டிருக்கிறேன்.

நான் டொக்டர் இல்லை. டெங்கு வந்து போன பிறகு அவசரப்பட்டுச் சைக்கிள் ஏறி, கிட்டத்தட்ட ஒரு வருடத்தை இழந்தவள். இந்த விஷயத்தில் எனக்கு இவ்வளவு பிடிவாதம் வந்தது அப்படித்தான்.

ரிசல்ட்டில் பெயருக்குப் பக்கத்தில் டி.என்.எஃப் என்று கிடக்குது. அப்ப ஆள் சைக்கிளையே விட்டுட்டாரா?

இல்லை. டி.என்.எஃப் என்றால் அன்றைய ஓட்டத்தை முடிக்கவில்லை என்பது மட்டும்தான். டி.என்.எஸ் என்று இருந்தால் அன்று தொடக்கக் கோட்டுக்கே வரவில்லை. டூர் டி பிரான்ஸ் போன்ற பல நாள் ஓட்டத்தில் இந்த இரண்டில் எது விழுந்தாலும் அந்த ஓட்டம் அவருக்கு அத்தோடு சரி. அடுத்த மாதம் வேறோர் ஓட்டத்தில் அவரைப் பார்க்கலாம்.

அதற்கு மேலே சில வார ஓய்வு இருக்கிறது, அணியோடு பேசித் தேதி குறிக்காமல் எடுக்கும் இடைவெளி இருக்கிறது, கடைசியாகப் போட்டியையே நிறுத்தும் முழு ஓய்வு இருக்கிறது. செய்தித் தலைப்புகள் எல்லாவற்றையும் 'விலகினார்' என்ற ஒரே சொல்லில் போட்டுவிடுகின்றன. தலைப்போடு நிற்காமல் செய்தியை உள்ளே வாசித்துப் பாருங்கள், எந்த வகை என்று தெரிந்துவிடும்.

ஒரு காய்ச்சலுக்கெல்லாம் இவ்வளவு பெரிய ஓட்டத்தை விடுறதா? நாங்கள் இரண்டு பெனடோலைப் போட்டுட்டு வேலைக்குப் போறோமே.

வேலைக்குப் போவதும் இதுவும் ஒன்றல்ல. டூர் என்பது 21 கட்டங்கள் (ஒரு நாள் ஓட்டம் ஒரு கட்டம்), ஏறத்தாழ 3,300 கிலோமீட்டர், இடையில் இரண்டே ஓய்வு நாட்கள். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் சைக்கிளில் நான்கு தடவை போய், நான்கு தடவை திரும்பி வருவதாக நினைத்துக்கொள்ளுங்கள், அதுவும் மலைகளோடும் போட்டி வேகத்திலும். உடல் சூடு ஒரு பாகை செல்சியஸ் ஏறினாலே நாடித்துடிப்பு நிமிடத்துக்குப் பத்து அளவில் கூடும். பெனடோல் சூட்டைக் குறைக்கும், வைரஸைத் தொடாது. உள்ளே சண்டை நடந்துகொண்டுதான் இருக்கும்.

இத்தாலியின் பல நாள் ஓட்டமான ஜிரோ டி இத்தாலியாவில், 2023இல் பெல்ஜிய வீரர் ரெம்கோ எவனபூல் 9ஆம் கட்டத்தை வென்றார். முதலிடத்துக்குரிய இளஞ்சிவப்பு ஜெர்சி அவருடையது. அன்றிரவே கொவிட் உறுதியானது, ஜெர்சி கையில் இருக்கும்போதே வீட்டுக்குப் போய்விட்டார். நம்மிடம் பலர் அவரைக் கோழை என்றார்கள். மூன்று மாதம் கழித்து, அதே ஆண்டு ஆகஸ்டில், ஒவ்வொருவராகத் தனியே கடிகாரத்தோடு போட்டிபோடும் தனிநபர் நேர ஓட்டத்தில் உலக சாம்பியன் ஆனார். மே மாதத்தில் இன்னும் ஒரு வாரம் பிடித்துத் தொங்கியிருந்தால் அந்த ஆகஸ்ட் அவருக்கு வந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

பொதுவாக என்ன நோய்கள் அக்கா இவங்களை நிறுத்துது?

முதலாவது, வைரஸ் காய்ச்சல்களும் அவை விட்டுவிட்டுப் போகும் களைப்பும். பிரிட்டிஷ் வீரர் மார்க் கவெண்டிஷுக்கு 2017இல் எப்ஸ்டீன்-பார் வைரஸ் என்று கண்டுபிடித்தார்கள். எச்சில் மூலம் தொற்றும் இது, தொண்டை நோவும் காய்ச்சலும் போன பிறகும் மாதக்கணக்கில் ஆளைச் சோர்த்துப் போடும். மண்ணீரலை வீங்க வைப்பதால் அந்த நேரத்தில் விழுந்தால் ஆபத்து. 2018இல் அது அவருக்குத் திரும்ப வந்தது. இனி அவர் முடிந்தார் என்று நானும் நினைத்தேன். 2021 டூரில் நான்கு கட்டங்களை வென்று பழைய பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸின் 34 டூர் கட்ட வெற்றிகள் என்ற கணக்கைத் தொட்டார், 2024 ஜூலை 3இல் 35ஆவதையும் வென்று சாதனையைத் தனதாக்கினார். இலங்கை நேரப்படி டூர் கட்டங்கள் முடிவது பெரும்பாலும் இரவு ஒன்பது மணி வாக்கில். அன்று எங்கள் வீட்டில் இடியப்பம் மேசையிலேயே ஆறிப்போனது.

இரண்டாவது, சைக்கிளோட்டக்காரர்களுக்கென்றே வருகிற ஒரு கோளாறு. குனிந்த நிலையில் இடுப்பை ஆயிரக்கணக்கான மணிநேரம் மடக்கி மடக்கி, காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் இடுப்புத் தமனி தடித்துச் சுருங்கிவிடும். முழுப் பலத்தோடு மிதிக்கும்போது ஒரு கால் மட்டும் மரத்து வலுவிழக்கும், நிறுத்தினால் சில நிமிடத்தில் சரியாகிவிடும். ஓய்வில் வைத்துப் பரிசோதித்தால் எல்லாம் சாதாரணமாகவே தெரியும். அதனால் நோய் என்னவென்று தெரியாமலே வருடங்கள் போய்விடும், 'மனசுதான் காரணம்' என்ற பேச்சையும் கேட்க வேண்டிவரும். மிதிக்கவைத்து உடனே கணுக்காலில் ரத்த அழுத்தம் பார்த்தால்தான் பிடிபடும். பிரெஞ்சு வீராங்கனை பவுலின் ஃபெரான்-பிரெவோ 2019இல் இதற்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்டார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் தங்கம், 2025இல் பெண்களுக்கான டூர் டி பிரான்ஸ் இரண்டும் அவருக்குக் கிடைத்தன.

புற்றுநோயும் இருக்கிறது. 2015 டூரில் விழுந்து இருக்கையில் அடிபட்ட இவான் பாசோவுக்கு வலி நிற்கவில்லை. பரிசோதித்தபோது விதைப்பைப் புற்றுநோய் என்று தெரிந்தது, ஓய்வு நாளன்றே ஓட்டத்தை விட்டார். சிகிச்சையில் குணமானார், அந்த ஆண்டோடு போட்டியையும் நிறுத்தினார். தம்பிமாருக்கு ஒரு வார்த்தை: அந்த இடத்தில் வலியோ கட்டியோ இருந்தால் வெட்கப்பட்டு ஒளிக்க வேண்டாம். இதயத்தைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறீர்கள், அதைத் தனியாகச் சொல்கிறேன்.

இவ்வளவு திடமான ஆளுக்கு இதயத்தில் எப்படிப் பிரச்சினை வரும்?

வேகமாக ஓட முடிவது வேறு, நோய் இல்லாமல் இருப்பது வேறு. சிலர் பிறக்கும்போதே இதயத் தசையில் ஒரு கோளாறோடு பிறக்கிறார்கள், கடும் பயிற்சிதான் அதை வெளியே கொண்டுவருகிறது. வலப்பக்க இதயத் தசையைப் பாதிக்கும் ஒரு பரம்பரை நோய், நீண்டநேரக் கடும் உடற்பயிற்சியால் இன்னும் மோசமாகும் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். இன்னும் சிலருக்கு வைரஸ் காய்ச்சலின்போது இதயத் தசை அழற்சி வருகிறது. அது இருக்கும்போது கடுமையாக மிதித்தால் இதயத்துடிப்பு திடீரென்று தாறுமாறாகிவிடலாம். அதனால்தான் பொதுவாக 3 முதல் 6 மாதம்வரை போட்டியும் பயிற்சியும் கூடாது என்று நிறுத்துகிறார்கள். 2020 டிசம்பரில் இது கண்டுபிடிக்கப்பட்ட டியேகோ உலிசி, சொன்னபடி ஓய்ந்திருந்துவிட்டு 2021இலேயே மீண்டும் ஓடினார்.

எல்லோருக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. சேற்றிலும் புல்லிலும் ஓடும் சைக்ளோகிராஸ் போட்டியில் இரண்டு தடவை உலக சாம்பியனான பெல்ஜியத்தின் நீல்ஸ் ஆல்பர்ட், இதயத்துடிப்புக் கோளாறு தெரியவந்ததும் 2014இல் 28 வயதில் ஓட்டத்தை விட்டார். திடமானவர்களிடம் நோய் ஒளிந்துகொள்ள ஒரு காரணம் உண்டு. நூற்றுக்கு இருபது பங்கு பலம் குறைந்தாலும் அவர்கள் நம்மைவிட வேகமாகத்தான் போவார்கள். பார்க்கிறவர்களுக்கு எதுவும் தெரியாது, அவர்களுக்கு மட்டும் தெரியும்.

நெஞ்சுக்குள் மெஷின் வைச்சாச்சு என்றால் பயமில்லைதானே? பிறகு ஏன் கொல்பிரெல்லியை ஓட விடல்ல?

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: இத்தாலியின் சோனி கொல்பிரெல்லி 2021 அக்டோபரில் சேற்றில் நடந்த பாரிஸ்–ரூபே ஓட்டத்தை வென்றவர். 2022 மார்ச் 21இல் கத்தலோனியா சுற்றின் முதல் கட்டத்தில் இரண்டாவதாக வந்து, கோட்டைத் தாண்டியதும் விழுந்தார். இதயம் நின்றுவிட்டது. அங்கேயே நெஞ்சை அழுத்தி, மின் அதிர்ச்சி கொடுத்து உயிரைத் திருப்பினார்கள். பின்னர் துடிப்பு தாறுமாறானால் தானாக அதிர்ச்சி கொடுக்கும் சிறு கருவி ஒன்று நெஞ்சில் பொருத்தப்பட்டது. அந்த நவம்பரில் 32 வயதில் ஓய்வை அறிவித்தார்.

அந்தக் கருவி ஆபத்து வந்த பிறகு காப்பாற்றும், வராமல் தடுக்காது. அது வேலை செய்யும் சில விநாடிகளில் ஆள் மயங்கலாம். மலையிறக்கத்தில் மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில், கைப்பிடி உரசும் நெருக்கத்தில் நூறு பேர் போகும்போது அந்தச் சில விநாடி என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். கால்பந்தில் கிறிஸ்டியன் எரிக்சன் இதே வகைக் கருவியோடு விளையாடுகிறாரே என்பீர்கள். அவர் 2021இல் இதயம் நின்று விழுந்தபோது இத்தாலியின் இன்டர் கழகத்தில் இருந்தார். அங்கே அனுமதி கிடைக்காததால்தான் இங்கிலாந்துக்குப் போனார். இத்தாலியச் சட்டம் 1982இலிருந்தே போட்டி வீரர்களுக்கு ஈசிஜியோடு கூடிய மருத்துவச் சான்றைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அங்குள்ள வெனட்டோ பகுதியில் 1979க்கும் 2004க்கும் இடையில் இளம் வீரர்களின் திடீர் இதய மரணம், ஆண்டுக்கு ஓர் இலட்சம் பேரில் 3.6இலிருந்து 0.4ஆகக் குறைந்தது. அந்தக் கண்டிப்பு கொல்பிரெல்லியின் தொழிலை எடுத்துக்கொண்டது உண்மை. ஆனாலும் அந்தக் கண்டிப்பின் பக்கம்தான் நான்.

கொவிட் ஊசி போட்ட பிறகுதான் இப்படி எல்லாரும் விழுறாங்க என்று வாட்ஸ்அப்பில் வருதே?

முன்பே சொன்ன நீல்ஸ் ஆல்பர்ட் விட்டது 2014இல். பெல்ஜியத்தின் மிக்கேல் ஹூலார்ட்ஸ் இதயம் நின்று பாரிஸ்–ரூபே ஓட்டத்தில் விழுந்து அன்றே இறந்தது 2018 ஏப்ரலில். கொவிட்டும் இல்லை, ஊசியும் இல்லை.

ஃபைசர், மொடர்னா வகை ஊசிகளுக்குப் பிறகு இளம் ஆண்களில் மிகச் சிலருக்கு இதயத் தசை அழற்சி வந்தது உண்மைதான். பெரும்பாலும் லேசாக வந்து குணமாகியது. கொவிட் நோயும் அதே அழற்சியைக் கொண்டுவரும். நம் நாட்டில் முதல் இரண்டு ஊசியாகப் பெரும்பாலானோர் போட்டது சினோபார்ம், அது அந்த வகையே இல்லை.

மனசு சரியில்லை என்று விடுறதெல்லாம் ஒரு நோயா?

ஆம். இந்தக் கேள்வியை ஒரு தாத்தாவும் கேட்டார், பதினேழு வயதுத் தம்பி ஒருவரும் கேட்டார், இருவர் குரலிலும் ஒரே ஏளனம் இருந்தது. கவெண்டிஷ் வைரஸோடு போராடிய அதே 2018இல் தனக்கு மனச்சோர்வு நோய் என்று கண்டறியப்பட்டதைப் பிறகு தானே சொன்னார். டூரில் 14 கட்டங்கள் வென்ற மார்செல் கிட்டெல், களைத்துப்போனேன் என்று 2019 மே மாதம் ஒப்பந்தத்தை இடையில் முடித்துக்கொண்டு, சில மாதத்தில் முழுதாக ஓய்வு பெற்றார். 2017 ஜிரோவை வென்ற டொம் டூமுலான் 2021 ஜனவரியில் பயிற்சி முகாமிலிருந்து வீட்டுக்குப் போனார். ஜூனில் திரும்பி வந்து, ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றார்.

உடம்பும் மனமும் இதில் தனித்தனி அறைகளில் இருப்பதில்லை. செலவழிப்பதற்கு ஏற்பச் சாப்பிடாமல் மாதக்கணக்கில் எடை குறைத்தால் உடம்பு ஹோர்மோன்களைக் குறைக்கும், எலும்பு பலவீனமாகும், பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும், தூக்கம் கெடும், எதிலும் பிடிப்பு இருக்காது. எங்கள் குழுத் தங்கைமாருக்கு: மாதவிடாய் நின்றால் 'நல்ல ஃபார்மில் இருக்கிறேன்' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். டொக்டரிடம் போங்கள், தயங்கினால் நானும் கூட வருகிறேன்.

நோயில் படுத்தால் சம்பளம் வருமா?

பெரிய அணிகளில் ஓரளவுக்கு வரும். சர்வதேச சைக்கிளோட்டச் சங்கத்தின் ஒப்பந்த விதிகளும் கட்டாயக் காப்புறுதியும் உண்டு. பரிசுப் பணம் நின்றுவிடும், நோயின் நடுவில் ஒப்பந்தம் முடிந்தால் புது அணி கிடைப்பது சிரமம். வீரர்கள் நோயை ஒளிப்பதற்கு இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். நம் நாட்டின் முன்னணி ஓட்டக்காரர்கள் பலர் இராணுவம், கடற்படை, விமானப்படை அணிகளில் இருப்பவர்கள். அவர்களுக்கு மாதச் சம்பளம் படையிலிருந்து வருகிறது. தனியாக ஓடும் பெடியனுக்கு அந்தத் தாங்கல் இல்லை.

ஊக்கமருந்தில் மாட்டினதை மறைக்கத்தான் நோய் என்று சொல்றாங்களோ?

சந்தேகம் வருவதில் பிழை சொல்ல மாட்டேன். லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்குக்கு 1996இல் வந்த புற்றுநோய் உண்மை. குணமாகி வந்து வென்ற ஏழு டூர்களும் ஊக்கமருந்துக்காக 2012இல் பறிக்கப்பட்டதும் உண்மை. அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை.

ஆனால் மறைப்பது இப்போது அவ்வளவு லேசில்லை. தற்காலிகத் தடை விழுந்தவர்களின் பெயரைச் சர்வதேசச் சங்கமே பட்டியலாக வெளியிடுகிறது. நோய் என்று வீட்டில் இருப்பவரும் பரிசோதனைப் பட்டியலில் இருந்தால் ஒவ்வொரு நாளும் எங்கே இருப்பேன் என்று ஒரு மணிநேரத்தைக் குறித்துக் கொடுக்க வேண்டும், கதவைத் தட்டினால் சிறுநீரும் ரத்தமும் கொடுக்க வேண்டும். பன்னிரண்டு மாதத்தில் மூன்று தடவை தவறினால் அதுவே குற்றம். இவ்வளவும் இருக்க, 'என்ன நோய் என்று சொல்லு' என்று ஒருவரைத் துரத்துவது நியாயமில்லை. மருத்துவ அறிக்கை அவருடையது.

அப்ப குணமானதும் நேரே வந்து ஓடலாமா? மருந்து எடுத்திருந்தால்?

முதல் கேள்வியில் சொன்ன வித்தியாசம் இங்கேதான் கணக்குக்கு வருகிறது. இடைவெளி எடுத்தவர் தொடர்ந்து பரிசோதனைக்கு உட்பட்டிருப்பதால் டொக்டர் சரி என்றதும் ஓடலாம். ஓய்வு என்று எழுதிக் கொடுத்தவர் அப்படி வர முடியாது. பரிசோதனைப் பட்டியலில் இருந்தவராயின் ஆறு மாதம் முன்பே அறிவித்து, அந்த ஆறு மாதமும் பரிசோதனைக்குக் கிடைக்க வேண்டும். அதனால்தான் சிலர் 'ஓய்வு' என்ற சொல்லைக் கடைசிவரை எழுதுவதில்லை.

மருந்துக்குச் சிகிச்சை விலக்கு அனுமதி என்று ஒன்று உண்டு. இன்சுலின் தடைசெய்யப்பட்ட மருந்து, ஆனால் நோவோ நோர்டிஸ்க் அணியில் எல்லா வீரர்களும் முதல் வகை நீரிழிவுக்காரர்கள், அந்த அனுமதியோடு ஓடுகிறார்கள். ஆஸ்துமாவுக்கான சல்பியூட்டமோல் இன்ஹேலர் 24 மணிநேரத்தில் 1,600 மைக்ரோகிராமைத் தாண்டாமல், எட்டு மணிநேரத்தில் 600க்குள் இருந்தால் அனுமதி தேவையில்லை. ஸ்டீரொயிட் ஊசிகள் எல்லாம் 2022 முதல் போட்டிக் காலத்தில் தடை. இங்கே தேசிய மட்டத்தில் ஓடுகிறவர்கள், 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த இலங்கை ஊக்கமருந்துத் தடுப்பு முகவர் நிலையத்திடம் கேட்டுவிட்டு மருந்தைத் தொடுங்கள். பார்மசியில் கேட்பது போதாது.

எனக்கு டெங்கு வந்து விட்டுடுச்சு. காய்ச்சல் போய் ஒரு கிழமை. ஞாயிறு வரட்டா?

வர வேண்டாம். நான் வந்தேன், அதைச் சொல்கிறேன். வைத்தியசாலையை விட்டு வந்து பதினொன்றாம் நாள், தட்டையான மரைன் டிரைவில், காற்றுகூட எதிரே இல்லாத ஒரு காலையில், நாடி 188இல் நின்றது. பம்பலப்பிட்டி ரயில் நிலையத்துக்குக் கிட்ட இறங்கி மதிலைப் பிடித்துக்கொண்டேன். ஒரு கிளினிக்கில் 'கேஸ்ட்ரைட்டிஸ்' என்று மாத்திரை தந்தார்கள், நானும் அதை நம்ப ஆசைப்பட்டு இன்னும் இரண்டு ஞாயிறு ஓடினேன். இதயநோய் நிபுணர் ஒருவர் எக்கோவையும் (இதய ஸ்கேன்) ரத்தப் பரிசோதனையையும் பார்த்து மூன்று மாதம் நிறுத்தினார். பழைய வேகம் வர ஒரு வருடம் போனது.

டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரமே ஆபத்தான நேரம், அடுத்த 24 முதல் 48 மணிநேரம் கவனமாக இருக்க வேண்டும். அஸ்பிரின், இபுபுரூஃபன் தொடக்கூடாது, ரத்தம் கசியும். எல்லாம் முடிந்தாலும் களைப்பு வாரக்கணக்கில் நிற்கும். முதலில் நடை, படியேறிப் பார்ப்பது, பிறகு அரைமணிநேர மெதுவான சைக்கிள். காலையில் எழுந்ததும் நாடி பாருங்கள், வழமையைவிடப் பத்து கூடியிருந்தால் அன்று சைக்கிள் இல்லை. சாதாரணத் தடிமனுக்கு எங்கள் குழுவில் ஒரு கணக்கு: மூக்கு ஒழுகல் மட்டும் என்றால் மெதுவாக வரலாம். நெஞ்சுச் சளி, காய்ச்சல், உடம்பு நோ, வயிற்றோட்டம் என்றால் வீட்டில் இருங்கள். நெஞ்சு நோவு, படபடப்பு, மயக்கம் ஏதாவது ஒன்று இருந்தால் டொக்டரைப் பார்க்காமல் சைக்கிளைத் தொட வேண்டாம்.

ஈசிஜியைப் பார்த்து டொக்டரே பயந்துட்டார். நாடி 42தான் இருக்குது என்றார். நான் நல்லாத்தானே இருக்கிறேன்?

வருடக்கணக்கில் மிதித்தவருக்கு ஓய்வில் நாடி நாற்பதுகளில் இருப்பது சகஜம். இதயம் பெரிதாகி ஒரு துடிப்பில் அதிகம் தள்ளும். ஈசிஜியும் மற்றவர்களுடையதுபோல் இருக்காது. எத்தனை வருடம், வாரம் எத்தனை மணிநேரம் ஓடுகிறீர்கள் என்பதை டொக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். கொழும்பு 7இல் விளையாட்டு மருத்துவ நிறுவனமும் இருக்கிறது. ஆனால் 'நான் ஓட்டக்காரன், அப்படித்தான் இருக்கும்' என்று நீங்களே முடிவுகட்டக்கூடாது. இளம் வயதில் திடீரென்று இறந்த உறவினர் யாரும் குடும்பத்தில் இருந்தால் அதையும் கட்டாயம் சொல்லுங்கள்.

வீரர்கள் விழுந்த செய்திகளைப் பார்த்துட்டு அம்மா என் சைக்கிளை விற்கச் சொல்றா. என்ன சொல்றது?

அம்மாவோடு சண்டை பிடிக்க வேண்டாம். ஹோலில் நிற்கும் சைக்கிளைத் தினமும் துடைக்கிறவரே அவர்தானே. பயத்துக்குக் காரணம் இருக்கிறது என்று முதலில் ஒத்துக்கொள்ளுங்கள். பிறகு அவரையும் கூட்டிக்கொண்டு டொக்டரிடம் போங்கள். நீங்கள் பத்துத் தடவை சொல்வதை டொக்டர் ஒரு தடவை சொன்னால் அம்மா கேட்பார். ஒரு வாக்கும் கொடுங்கள்: காய்ச்சலோடு ஏற மாட்டேன், தனியாகப் போக மாட்டேன். கொடுத்தால் காப்பாற்றவும் வேண்டும்.

ரைடில் யாராவது திடீரென்று விழுந்து பேச்சு மூச்சில்லாமல் கிடந்தால் என்ன செய்றது?

தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லை, மூச்சு இல்லை அல்லது விக்கல்போல் இழுக்கிறது என்றால் ஒருவர் 1990க்கு அழைக்க வேண்டும். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். இடத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள்: எந்த வீதி, கிட்ட எந்தக் கடை அல்லது நிலையம். அதே நேரம் இன்னொருவர் நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். தண்ணீர் ஊற்றுவது, சாவி கொடுப்பது ஒன்றும் வேண்டாம். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை ஆள் மாறுங்கள், அம்புலன்ஸ் வரும்வரை நிறுத்த வேண்டாம். கிட்ட உள்ள ஹோட்டலிலோ கட்டடத்திலோ மின் அதிர்ச்சிக் கருவி இருந்தால் மூன்றாவது ஆளை அனுப்பி எடுப்பியுங்கள், என்ன செய்வதென்று அதுவே வாயால் சொல்லும்.

மேலே சொன்ன கொல்பிரெல்லி இன்று உயிரோடு இருப்பது கோட்டுக்கு அருகில் நின்றவர்கள் இதைத் தாமதிக்காமல் செய்ததால்தான். எங்கள் குழுவில் இதுவரை ஆறு பேர் பழகியிருக்கிறோம். மாத முதல் ஞாயிறு பிளேன்டீக்குப் பிறகு, சுதந்திர சதுக்கப் புல்வெளியில் பழைய தலையணை ஒன்றை வைத்துப் பத்து நிமிடம் அழுத்திப் பழகுகிறோம். சைக்கிள் இல்லாதவர்களும் வரலாம்.